பங்குனியில் பறவை பார்க்க ஆறு பேர்: எந்த மலைக்குப் போகலாம்?

திருப்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். வீட்டில் ஆறு பேர். அவருடைய அம்மாவுக்கு 63 வயது, மகளுக்கு 11. பங்குனியில் மூன்று நாள் விடுப்பு கிடைக்கிறது. ஒரு வழிகாட்டியை வைத்துக்கொண்டு காட்டுப் பறவைகளைப் பார்க்க வேண்டும். குன்னூர், வால்பாறை, சத்தியமங்கலம் மூன்றையும் ஒரே பயணத்தில் முடிக்கலாமா, வழிகாட்டியை எப்படித் தேர்ந்தெடுப்பது, மகள் ஆசைப்படுகிற இருவாச்சிப் பறவையை நிச்சயம் பார்க்க முடியுமா என்பவை அவருடைய கேள்விகள்.

மூன்றையும் சேர்க்காதீர்கள். வால்பாறை ஒன்றுக்கு மட்டும் போங்கள். அதிலும் முதல் நாள் காலையை மேலே ஏறாமல் ஆழியாறு அடிவாரத்தில் கழியுங்கள். இருபது வருடமாகப் பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்துகொண்டு இந்த மலைகளுக்குப் போய்வருகிறேன். தெரிந்தவர்களையும் பலமுறை கூட்டிப் போயிருக்கிறேன். மூன்று மலையை மூன்று நாளில் பார்த்தவர்கள் பெரும்பாலும் பார்த்தது வண்டியின் ஜன்னலைத்தான். வால்பாறையிலிருந்து இறங்கிப் பொள்ளாச்சி, கோவை, மேட்டுப்பாளையம் தாண்டிக் குன்னூர் ஏறினால் ஒரு பகல் முழுவதும் போய்விடும். பறவைக்கு முக்கியமான காலை மூன்று மணி நேரத்தைக் கொண்டைஊசி வளைவுகளில் தொலைத்துவிட்டு, உச்சிவெயிலில் போய் இறங்கி என்ன பார்க்க முடியும்?

குன்னூரையும் வால்பாறையையும் சேர்க்கச் சொல்பவர்கள் ஒரு காரணம் சொல்வார்கள், அது நியாயமானதுதான். நம் கொங்கு நாட்டுக்கு மேற்கே மலைத்தொடர் அறுந்து, 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. நமக்குக் காற்று வருவது அந்த வழியில்தான். மலை உயரத்துச் சோலைக்காடுகளை விட்டு வெளியே வராத சின்னப் பறவைகளால் அந்த இடைவெளியைத் தாண்ட முடியவில்லை. அதனால் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு சிரிப்பான், தெற்கே ஆனைமலையிலும் பழனி மலையிலும் வேறொரு சிரிப்பான். நீலகிரிச் சிரிப்பான், பழனிச் சிரிப்பான் என்று இரண்டையும் தனி இனங்களாகவே வைத்திருக்கிறார்கள். கோவையிலிருந்து கொஞ்ச தூரத்தில், உலகில் வேறெங்கும் இல்லாத இரண்டு பறவைகள், நடுவே ஒரு கணவாய். எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் சிலிர்க்கும். ஆனாலும் இந்த வருடம் வால்பாறை இருக்கிற தென்கரை, அடுத்த வருடம் குன்னூர் இருக்கிற வடகரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வடகரைச் சிரிப்பான் அடுத்த வருடமும் அங்கேதான் இருக்கும்.

சத்தியமங்கலத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறி ஆசனூர் வரை போகிற காடு அருமையான காடு. கீழே மோயாற்றுப் பள்ளத்தாக்கில் பாறுக்கழுகுகள் இன்னும் மிஞ்சியிருக்கின்றன. மாடுகளுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசி, செத்த மாட்டைத் தின்ற கழுகுகளையும் கொல்ல, நாடு முழுவதும் அவை அழிந்து, 2006-இல் அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிற சில இடங்களில் இதுவும் ஒன்று. ஆனால் புலிகள் காப்பகம் என்பதால் சாலையில் நினைத்த இடத்தில் இறங்க முடியாது. திம்பம் மலைப்பாதையில் இரவு 9 மணிக்கு மேல் வண்டி விடுவதில்லை. அதோடு பங்குனியில் பண்ணாரியம்மன் குண்டம் திருவிழா வரும். அந்த வாரம் சத்தி சாலையில் நகர இடமிருக்காது. பெரியவரையும் குழந்தையையும் முதன்முறையாகக் கூட்டிப்போக அது ஏற்றதில்லை.

பங்குனி நல்ல தேர்வு. இரண்டு கதைகள் ஒரே நேரத்தில் நடக்கிற மாதம் அது. குளிர்காலத்துக்கு வந்த விருந்தாளிகள் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். ஆறுமணிக்குருவி இமயமலை அடிவாரத்துக்கும் மத்திய இந்தியாவுக்கும் திரும்பத் தயாராகியிருக்கும். ஓடையோரத்துச் சாம்பல் வாலாட்டி, தேயிலைக்குள் ஓயாமல் டிக் டிக் என்று தட்டுகிற கதிர்க்குருவிகள் எல்லாம் சித்திரை முடிவதற்குள் போய்விடும். நம் பக்கத்தில் வலசு என்று முடிகிற ஊர்ப்பெயர்கள் எத்தனை இருக்கின்றன! அந்தப் பெயர்ப்பலகைகளைக் கடக்கும்போதெல்லாம் வலசை போகிற இந்தக் குருவிகள்தான் எனக்கு நினைவுக்கு வரும். இன்னொரு பக்கம், இங்கேயே வாழ்கிற பறவைகளுக்கு அது பிள்ளை பெறும் காலம். தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குள் குஞ்சுகளைப் பறக்கவிட வேண்டும் என்பதால் தையிலிருந்து சித்திரை வரை கூடு, முட்டை, குஞ்சு என்று ஓடிக்கொண்டிருக்கும். பறவைகள் வாய்விட்டுப் பாடுவதும் இப்போதுதான். இலையடர்ந்த காட்டில் பாட்டுத்தான் பாதிப் பறவையைக் காட்டிக்கொடுக்கும்.

குறை ஒன்றும் உண்டு. இதே மாதங்கள்தான் தீப்பருவம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு வனத்துறை இந்தப் பருவத்தில் மலையேற்றத் தடங்களை மூடிவிடுகிறது, மூடுவதுதான் சரி. ஆகவே “காட்டுக்குள்ளே பத்துக் கிலோமீட்டர் நடத்திக் கூட்டிப் போகிறேன்” என்று பங்குனியில் யாராவது சொன்னால் அந்த ஆளை அங்கேயே விட்டுவிடுங்கள். வனத்துறைக்குத் தெரியாமல்தான் அவர் உங்களை உள்ளே கொண்டுபோவார். வால்பாறை உங்களுக்குப் பொருந்துவதும் இதனால்தான். சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலை, காப்பித் தோட்டங்கள். அவற்றுக்கு நடுவே துண்டு துண்டாக மழைக்காடு. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். வனத்துக்குள் காலெடுத்து வைக்காமலே, சாலையோரத்திலும் அனுமதி வாங்கிய எஸ்டேட் பாதையிலும் நின்றபடி மழைக்காட்டுப் பறவைகளைப் பார்க்கலாம். அம்மாவுக்கு மேடு ஏற வேண்டிய சிரமமும் இல்லை.

அந்தக் காட்டுத் துண்டுகள் சில இடங்களில் செழித்திருப்பதற்குப் பின்னால் பெரிய உழைப்பு இருக்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் அமைப்பினர் எஸ்டேட்காரர்களோடு சேர்ந்து, அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நாற்றங்காலில் வளர்த்து, இருபது வருடத்துக்கும் மேலாக நட்டுவருகிறார்கள். யானை நடமாட்டத்தை மக்களுக்குக் குறுஞ்செய்தியிலும் சிவப்பு விளக்கிலும் அறிவிக்கிற ஏற்பாடும் அவர்கள் தொடங்கியதுதான். மாலையில் அந்த விளக்கு எரிந்தால் அறைக்குள் போய்விடுங்கள். ஒரு பறவைக்காகவும் அங்கே நிற்கக் கூடாது.

இனி மூன்று நாளைச் சொல்கிறேன்.

முதல் நாள் விடியும் முன்பே திருப்பூரை விட்டால் வெயில் ஏறுமுன் ஆழியாறு வந்துவிடலாம். அன்று காலை முழுவதும் அடிவாரம்தான். வறண்ட புதர், தென்னந்தோப்பு, அணைத் தண்ணீர் மூன்றும் சேர்கிற இடம். மலைக்குப் போகிற அவசரத்தில் எல்லோரும் இதைக் கடந்து போய்விடுவார்கள். வால்காக்கை, செம்போத்து, மரங்கொத்தி, பாம்புக்கழுகு எல்லாம் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கிடைக்கும். வெளிச்சமும் திறந்த வெளியும் இருப்பதால், பைனாகுலர் பழகாதவர்களுக்குக் கண் பழகும். இந்தப் பருவத்தில் இலையுதிர்த்துப் பூ மட்டுமாக நிற்கிற இலவ மரம் ஒன்று கண்ணில் பட்டால் அதை விட்டு நகராதீர்கள். தேன்சிட்டு, மாங்குயில், பச்சைச்சிட்டு, கரிச்சான் என்று ஒரு மணி நேரத்தில் இருபது வகை அந்த ஒரே மரத்துக்கு வந்துபோனதைப் பார்த்திருக்கிறேன். மதியத்துக்கு மேல் மலை ஏறுங்கள். 40 கொண்டைஊசி வளைவுகள். வெறும் வயிறாகவும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். இரண்டு இட்லியோடு ஏறினால் குழந்தைக்குக் குமட்டாது. வால்பாறைக்கும் இப்போது இ-பாஸ் எடுக்க வேண்டும். அதைக் கிளம்புவதற்கு முந்தைய நாளே முடித்துவிடுங்கள்.

இரண்டாம் நாள்தான் இந்தப் பயணத்தின் உயிர். காலை ஆறேகாலுக்கு முதல் வெளிச்சம் வரும்போது சோலையோரம் நின்றிருக்க வேண்டும். எந்தப் பறவைக்காகவும் ஓடாமல் ஒரே இடத்தில் நில்லுங்கள். முதலில் சாம்பல் காட்டுக்கோழி கூவும். அப்புறம் ஓடைப் பக்கத்திலிருந்து சீகாரப் பூங்குருவி, ஏதோ ஒரு பையன் பாட்டை மறந்துவிட்டு ராகத்தை மட்டும் சீட்டியடிப்பது போல நீட்டி நீட்டிப் பாடும். என் மனதில் இந்த மலைக்குக் குரல் என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். கொஞ்ச நேரத்தில் சாம்பல் இருவாச்சிகள் மரத்துக்கு மரம் கெக்கலி கொட்டும். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலையெல்லாம் எடுத்துப் பாடி ஏமாற்றும். தீக்காக்கை மட்டும் சத்தமில்லாமல், முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரே கிளையில் கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கும். அதன் சிவந்த வயிறு திரும்புகிற கணத்துக்காகத்தான் காத்திருக்க வேண்டும். அவசரக்காரர்கள் அதற்கு நேர் கீழேயே நடந்து போய்விடுவார்கள்.

இப்போது உங்கள் மகளின் இருவாச்சி. சாம்பல் இருவாச்சியை ஏறக்குறைய உறுதியாகப் பார்க்கலாம். அவள் கேட்பது பெரிய இருவாச்சி என்றால், நல்ல வாய்ப்பு இருக்கிறது என்று சொல்வேன். வாக்குக் கொடுக்க மாட்டேன். ஏன் என்று அவளுக்குச் சொல்லுங்கள், அது பறவையைவிடச் சுவையான கதை. மார்கழி, தை வாக்கில் பெண் பறவை ஒரு பெரிய மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, எச்சத்தாலும் உணவுச் சக்கையாலும் வாசலை அடைத்துக்கொள்ளும். மூக்கை நீட்டும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சமிருக்கும். அதன் பிறகு தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு ஆண் பறவை கொண்டுவந்தால்தான் உண்டு. அத்திப்பழங்களைத் தொண்டையில் நிரப்பிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக எடுத்து அந்தக் கீறல் வழியாக ஊட்டும். பங்குனியில் பெரும்பாலும் ஆண் மட்டும்தான் வெளியே திரியும். ஆகவே உங்களுக்குக் கண்ணில் படுவது வீட்டுக்குப் பழம் சுமக்கிற அப்பாவாக இருக்கும். கண் சிவப்பாக இருந்தால் ஆண், வெள்ளையாக இருந்தால் பெண். பைனாகுலரில் உங்கள் மகளே கண்டுபிடித்துவிடுவாள். அது பறந்து வருவது கண்ணுக்கு முன் காதுக்குத் தெரியும். பழைய கரி ரயில் மூச்சுவிடுவது போல ஒவ்வொரு சிறகடிப்புக்கும் ஒரு புஸ் சத்தம். முதல்முறை கேட்டபோது நான் சாலையில் ஏதோ வண்டி வருகிறது என்று திரும்பிப் பார்த்தேன்.

இங்கேதான் வழிகாட்டி நல்லவரா இல்லையா என்பது தெரியும். பெரிய இருவாச்சியைப் பார்க்கச் சுலபமான வழி கூட்டுக்கு எதிரே போய் நிற்பது. ஆண் எப்படியும் வந்தாக வேண்டும். ஆனால் ஆள் நின்றால் அது தொலைவிலேயே உட்கார்ந்து, பழத்தைத் தொண்டையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். நாம் எடுக்கிற ஒவ்வொரு படத்துக்கும் உள்ளே இரண்டு வயிறு பசிக்கிறது. நல்ல வழிகாட்டி கூட்டைக் காட்ட மாட்டார். பழுத்த அத்தி மரத்தைக் காட்டுவார். அத்தி பழுத்தால் இருவாச்சி மட்டுமா, பச்சைப்புறா, குக்குறுவான், மலை மைனா, மலையணில், சில நேரம் சிங்கவால் குரங்கும் வரும். எந்த மரம் இப்போது பழுத்திருக்கிறது என்பது அங்கேயே வாழ்கிறவருக்குத்தான் தெரியும். ஆகவே வெளியூர் நிபுணரைவிட, எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்த பையனோ, காடர், முதுவர், மலசர் குடியிருப்புகளிலிருந்து வருகிறவரோ வழிகாட்டியாகக் கிடைத்தால் இரண்டு யோசனை வேண்டாம். காடர்களுக்கு இருவாச்சி மரங்கள் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். மலைக்கு அந்தப்பக்கம் கேரளத்து வாழச்சாலில் அவர்களே கூட்டுக் காவலர்களாக இருந்து இருவாச்சிகளைக் காத்திருக்கிறார்கள்.

வழிகாட்டியிடம் தொலைபேசியில் இரண்டு கேள்வி கேளுங்கள், போதும். “ஒரு தடவைக்கு எத்தனை பேரைக் கூட்டிப் போவீங்க?” ஆறு, மிஞ்சினால் எட்டு என்றால் சரி. பல வருடம் முன்பு நான் சேர்ந்துபோன ஒரு பயணத்தில் ஏற்பாட்டாளர் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு வந்தார். தவளைவாயன் என்ற பறவையின் ஜோடி ஒன்று காய்ந்த இலையோடு இலையாக ஒட்டி உட்கார்ந்திருந்தது. முதல் நான்கு பேர் பார்த்தார்கள். பின்னால் இருந்தவர்கள் முண்டியடித்து முன்னே வரவும் இரண்டும் எழுந்து போய்விட்டன. தவளைவாயனில் பகல் முழுவதும் முட்டையின் மேல் உட்காருவது ஆண். அன்று அங்கே கூடு இருந்ததா என்று எங்களில் யாரும் பார்க்கவில்லை. அந்த நாள் இன்னும் மனதை உறுத்துகிறது.

அடுத்து, “பறவை வரலைன்னா குரல் போட்டுக் கூப்பிடுவீங்களா?” ஆமாம் என்று பெருமையாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதிவு செய்த பாட்டைப் போட்டால் பறவை உடனே வரும், உண்மைதான். தன் எல்லைக்குள் வேறொரு ஆண் நுழைந்துவிட்டது என்று பதறி, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு விரட்ட வருகிறது. கூடு கட்டும் பருவத்தில் நாளைக்கு மூன்று கூட்டம் வந்து மூன்று முறை போட்டால் அந்தப் பறவைக்கு என்ன மிஞ்சும்? ஐப்பசியில்கூட நான் போட மாட்டேன். பங்குனியில் அதைச் செய்வது பாவம் என்றே நினைக்கிறேன்.

மூன்றாம் நாள் காலை இன்னொரு முறை அதே சோலையோரத்துக்கே போங்கள். முந்தைய நாள் குரலாக மட்டும் கேட்டவை இந்த இரண்டாம் காலையில் உருவத்தோடு தெரியும். ஒன்பது மணிக்குக் காலை உணவு முடித்து இறங்க ஆரம்பித்தால், ஒன்பதாம் வளைவில் லோம்ஸ் வியூ பக்கம் பாறைச் சரிவில் வரையாடு நிற்க நல்ல வாய்ப்பு. அதற்குத் தின்ன எதுவும் கொடுக்காதீர்கள். பக்கத்தில் போய்ப் படம் எடுக்காதீர்கள்.

கையில் என்ன இருக்க வேண்டும்? 8x42 அளவு பைனாகுலர் ஆறு பேருக்குக் குறைந்தது மூன்று இருக்கட்டும். 10 மடங்கு வாங்கினால் பெரிதாகத் தெரியும் என்று கடையில் சொல்வார்கள். காட்டில் அகலமாகத் தெரிவதும் கை நடுக்கம் தெரியாமல் இருப்பதும்தான் முக்கியம், அதற்கு 8 போதும். பச்சை, காக்கி, மண் நிறச் சட்டை. காலைக் குளிருக்கு அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர், உட்கார ஒரு மடக்கு முக்காலி. குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்கிற மெர்லின் செயலியை வீட்டிலேயே இறக்கிக்கொண்டு போங்கள், மேலே பல இடங்களில் சிக்னல் இருக்காது. அது ஒரு பெயரைக் காட்டியதும் பார்த்துவிட்டதாக எழுதிக்கொள்ள வேண்டாம். காது கொடுத்து, கண்ணால் தேடி, அப்புறம் எழுதுங்கள்.

நம் ஊரில் காடு என்றால் மானாவாரி நிலம்தானே. அந்தக் காட்டில் பழகிவிட்டு மலைக்குப் போங்கள். கிளம்புவதற்கு முன் இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். ஒன்று நஞ்சராயன் குளத்துக்கு. உங்கள் ஊரிலேயே இருக்கிறது, 2022-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. தண்ணீரில் அசையாமல் நிற்கிற பறவைகளை வைத்துப் பைனாகுலரைக் கூர்மைப்படுத்தப் பழகலாம். இன்னொன்று காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டுக்கு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலத்துக்கு. கிளுவை வேலியிலும் வெள்வேல மரத்திலும் பனங்காடை, கீச்சான், கரிச்சான், தரையில் கௌதாரி எல்லாம் கிடைக்கும். நிலத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள், யாரும் மறுக்க மாட்டார்கள். அங்கே உங்கள் மகளுக்குக் கடிகாரக் கணக்கைச் சொல்லிக்கொடுங்கள். மரத்தின் உச்சி பன்னிரண்டு மணி, வலது பக்கம் மூன்று, அடி ஆறு. மலையில் வழிகாட்டி மெல்லிய குரலில் “அந்தப் பலா மரம், பத்து மணி” என்று சொல்லும்போது ஆறு பேரில் முதலில் பைனாகுலரைத் தூக்குவது அவளாகத்தான் இருப்பாள்.